லைன்

உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் சட்டை தைத்து அனுப்பும் ஊரில், உள்ளூர்க் குழந்தைகள் போடுவது உலகம் வேண்டாமென்று சொன்ன சட்டையைத்தான். கழுத்தில் ஒரு தையல் விட்டிருக்கும். தோளில் மிஷின் எண்ணெய் பட்டிருக்கும். நெஞ்சில் அச்சடித்த கரடிக்கு ஒரு கண் இருக்காது. மற்றபடி துணி முதல் தரம். திருப்பூர் நல்லூரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், மூக்கு ஒழுக நிற்கிற ஒரு பிள்ளையின் மார்பில் ஏதோ ஒரு தூரதேசத்துக் கடற்கரையின் பெயர் இருக்கும். பிள்ளைக்கு அது தெரியாது. பெற்றவர்களுக்கும் தெரியாது. சட்டையில் எழுத்து என்பது பூப்போட்ட மாதிரி. பூவுக்கு யார் அர்த்தம் கேட்கிறார்கள்?

நாகஜோதி கேட்பாள். அவள் வேலையே அப்படி. எஸ்.எஸ்.டி.டி. எக்ஸ்போர்ட்ஸில் செக்கிங் மேஜையில் நின்றபடி, வருகிற ஒவ்வொரு சட்டையையும் திருப்பி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகப் போடுவாள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து புருஷன் மாரிச்செல்வத்தோடு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இதுதான். விடிந்ததும் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டிலிருந்து எழுந்து, குழாயடியில் லைனில் நின்று தண்ணீர் பிடித்து, சோற்றைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய், மூன்றாவது லைனில் நின்றால், இருட்டின பிறகுதான் உட்காருவது.

எஸ்.எஸ்.டி.டி. என்பது முதலாளி சுப்பண்ணனின் குடும்பத்தைச் சுருக்கி எழுதியது. அவருக்கு ஒரு எஸ், சம்சாரம் சாரதாமணிக்கு ஒரு எஸ், மகன் தரணீதரனுக்கு ஒரு டி, பேத்தி தேஜஸ்ரீக்கு ஒரு டி. ஆங்கிலத்தில் அந்த இரண்டு டியும் வேறு வேறாம். பேத்தி பிறந்ததும் போர்டை மாற்றவில்லை, ஓரத்தில் ஒரு எழுத்தைச் சேர்த்து ஒட்டினார்கள். கடைசி டி மட்டும் இன்னும் புதுசாக மின்னும். சேவூரில் உழுதுகொண்டிருந்த காட்டை விற்று மிஷின் போட்டவர் சுப்பண்ணன். மிஷின் ஓட ஆரம்பித்ததும் வீட்டில் சும்மா இருந்த சாரதாமணிக்கு, பழைய நூல் குடோனில் தடுப்பு வைத்து ஒரு நர்சரிப் பள்ளிக்கூடமும் வைத்துக் கொடுத்தார். எஸ்.எஸ்.டி.டி. வித்யாலயா, ஆங்கில வழி. சாரதாமணி கரஸ்பாண்டென்ட் ஆனார். அந்தச் சொல்லை இடறாமல் சொல்லிப் பழக அவருக்கு ஒரு கல்வியாண்டு ஆயிற்று. தேஜஸ்ரீ மட்டும் கோயம்புத்தூரில் வேறு பள்ளியில் படித்தாள்.

நாகஜோதியின் மகள் சிவரஞ்சனிக்கு அங்கே எல்.கே.ஜி.யில் இடம் கிடைத்தது பெரிய காரியம். வேலை முடிந்து பல சாயங்காலம் பள்ளி வாசலில் நின்ற பிறகு, "கம்பெனிப் புள்ளைன்னு சேத்திக்கறேன் அம்மிணி. பேரு கெடாமப் பாத்துக்க" என்று சொல்லி சாரதாமணி இடம் கொடுத்தார். விளாத்திகுளத்துக் கரிசலையும் மாமியாரையும் விட்டு வந்ததற்கு நாகஜோதியிடம் காரணம் கேட்டால், அவள் அந்த எல்.கே.ஜி. இடத்தைத்தான் காட்டுவாள். வேறு காட்டும்படி அந்த ஓட்டு வீட்டில் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை கலர் டிரஸ். சீருடை வேண்டாம், விருப்பப்பட்டதைப் போட்டு வரலாம். நாகஜோதி வியாழக்கிழமை சாயங்காலமே பெட்டியைத் திறந்து மூன்று சட்டைகளைப் பாயில் பரப்பினாள். மூன்றும் கம்பெனி கேட்டில் எடுத்தவை. கழித்த சட்டைகளை வெட்டிப் போட்டுவிட வேண்டும் என்பது ஆர்டர் கொடுப்பவன் விதி. வெட்ட ஆள் வைத்தால் கூலி ஆகும் என்பது சுப்பண்ணன் விதி. அதனால் சம்பளத்தன்று கேட்டருகே மூட்டையைப் பிரித்து வைத்துவிடுவார்கள். தைத்தவர்களே வாங்கிப் போவார்கள்.

முதல் சட்டையில் ரிப்பன் கட்டிய மண்டை ஓடு. அதை மடித்து வைத்தாள். இரண்டாவதில் சிவப்பாக ஒரு உதடு. அதையும் மடித்தாள். மூன்றாவது ரோஸ் நிறம், நெஞ்சில் நீல எழுத்து மட்டும். கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் மை சிந்தி ஒரு சொட்டு கூடுதலாக விழுந்திருந்தது. அவளே ஒட்டிய அம்புக்குறி இன்னும் அதைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இதுல என்ன எழுதியிருக்கு?"

மாரிச்செல்வம் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தான். எஸ்.எஸ்.டி.டி.க்குப் பிரின்ட் அடித்துக் கொடுக்கிற பட்டறையில்தான் அவனுக்கு வேலை. நீள மேஜையில் சட்டைகளைப் பரப்பி, ஸ்கிரீனை வைத்து மையை இழுப்பான்.

"நாங்க அடிச்சதுதான். நீலம் ரெண்டு இழுப்பு இழுக்கணும். ஒரு இழுப்புல அடைக்காது."

"அத கேக்கல. என்னான்னு எழுதியிருக்கு?"

"அது யாருக்குத் தெரியும்?"

"உங்க சகாயராஜ் அண்ணனுக்குத் தெரியும்ல. பள்ளிக்கூடத்துக்குப் போட்டு விடுறது, தெரியாம எப்பிடிப் போட?"

சகாயராஜ் பட்டறையில் டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைகிறவன். நாசரேத்தில் கல்லூரி வரைக்கும் போனவன். அடுத்த லைனில்தான் குடியிருந்தான். மாரிச்செல்வம் ஈரத் துண்டோடு சட்டையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தான்.

"பாய்ஸ், லைன் அப் ஹியர். பசங்களா, இங்க வரிசையா நில்லுங்கன்னு அர்த்தமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நாகஜோதிக்குத் திருப்தி. இதைவிடப் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தமாக ஒரு சட்டையில் என்ன எழுத முடியும்? அம்புக்குறியைப் பிய்த்தாள். சிவரஞ்சனி அதை வாங்கித் தன் மூக்கில் ஒட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆடிக் காற்று ஊரிலுள்ள நூல் தூசியையெல்லாம் கிளப்பிக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கியபடி நாகஜோதி லைனுக்குள் நுழைந்தபோது, வீட்டுக்கார அம்மாள் பூவாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தார். பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவது அவர்தான்.

"ஏம்பிள்ளே, உன்ற புள்ளையப் பாரு. உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டு அனுப்பியிருக்கறாங்க."

சிவரஞ்சனி படியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். சட்டையின் தையலெல்லாம் வெளியே தெரிந்தது. நெஞ்சில் நீலம் துணி வழியாக மங்கலாக, இடம் வலம் மாறித் தெரிந்தது.

"மிஸ்தாம்மா திருப்பிப் போட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"என்னாச்சுங்கம்மா?" என்று நாகஜோதி பூவாத்தாளைக் கேட்டாள்.

"ஒரு புள்ளையோட அப்பன் படிச்சுப் பாத்துட்டு மேடத்துக்கிட்டச் சொல்லிப்போட்டாராமா. லைன் அடிக்கறதப் பத்தி எழுதியிருக்குதுன்னு அந்தப் பள்ளிக்கூடத்து ஆயா சொல்லுது. இந்தப் புள்ளை யாருக்குப் போயி லைன் அடிக்கும்? பொரி திங்கவே அதுக்கு நேரமில்ல." பூவாத்தாள் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கி மீட்டிங் போட்டிருக்கறாங்களாமா. சட்டையக் காலைலயே குடுத்தனுப்போணுமாம். நீங்க ரெண்டு பேரும் மொதல்ல ஆபீஸ் ரூமுக்கு வரோணுமாம். இல்லீன்னா டீசி குடுத்துருவேன்னாங்களாம்" என்றார்.

நாகஜோதி பிள்ளையின் சட்டையைக் கழற்றி நேராக்கினாள். எழுத்தைப் பார்த்தாள். அது நேற்று இருந்த மாதிரியேதான் இருந்தது.

மாரிச்செல்வம் வந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "நீங்கதான கேட்டுட்டு வந்தீக?"

"கேட்டேன். அவன் சொன்னதத்தான் சொன்னேன். வரிசையா நில்லுங்க."

"ஆயா லைன் அடிக்கிறதுன்னு சொல்லுதாம்."

"லைன்னா வரிசைதான். நம்ம குடியிருக்கது என்ன வீடு? லைன் அடிக்கிற வீடா?"

"எங்கிட்ட விளையாடாதீக. போய்த் திரும்பக் கேளுங்க."

போனான். இந்த முறை வர நேரமாயிற்று. அதற்குள் கரண்டும் போய்விட்டது. நாகஜோதி மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரசத்தை இறக்கிவைத்து, கருவாட்டைச் சுட்டாள். அவன் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"வார்த்தைக்கு அர்த்தம் அதேதானாம். ஆனா சட்டையில போட்டா வேறயாம்."

"அதெப்பிடி வேறயாகும்?"

"பொம்பளப் பிள்ள நெஞ்சுல போட்டா, எம்பின்னால வரணும்னா வரிசையில வாங்கடான்னு ஆகுமாம். தமாசுக்குப் போடுறதாம்."

"நேத்து இத ஏன் சொல்லல அவரு?"

"நீ அர்த்தந்தான கேட்ட, தமாசையா கேட்டன்னு சொல்றான்."

நாகஜோதி கருவாட்டைப் புரட்டினாள். "நாலு வயசுப் பிள்ளைக்கு யாரு போடுவா இப்பிடி?"

"பெத்தவுகதான். கடையில காசு குடுத்து வாங்கிப் போடுறாக."

"பெத்தவுகளா?"

"அவுக ஊருல பிள்ளையப் பாத்துச் சிரிப்பாகளாம். போட்டோ பிடிப்பாகளாம்."

"நம்ம பிள்ளைக்கு டீசி குடுக்காக." அவள் சோற்றைப் போட்டாள். "மண்டை ஓடு வேண்டாம்னு வச்சேன். உதடு வேண்டாம்னு வச்சேன். மூணையும் பாத்து, விசாரிச்சு, இத எடுத்தேன்."

"நாளைக்கி அதையே சொல்லு."

"சொல்லத்தான் போறேன்."

சிவரஞ்சனி கருவாட்டை எடுத்து முள் பார்க்காமல் வாயில் வைக்கப் போனாள். நாகஜோதி வாங்கி, மெழுகுவத்திப் பக்கம் பிடித்து, முள்ளெடுத்துக் கொடுத்தாள்.

திருப்பூரில் ஒரு விஷயம் ஃபிளெக்ஸ் ஆவதற்கு அரை நாள் போதும். சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வாசலில், 'குழந்தைகளின் உடையும் நமது பண்பாடும்: பெற்றோர் கலந்துரையாடல்' என்று ஒரு ஃபிளெக்ஸ் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. சுப்பண்ணன் கைகூப்பி நின்றார். முடி கறுப்பாக இருந்த காலத்துப் படம். பக்கத்தில் தேஜஸ்ரீ, கையில்லாத ஜிகினா கவுனில், தலையில் கிரீடம் வைத்துச் சிரித்தாள். காற்று வீசும்போதெல்லாம் பண்பாடு மடங்கி, தேஜஸ்ரீ மட்டும் தெரிந்தாள்.

ஆபீஸ் ரூமில் சாரதாமணி நாற்காலியில் இருந்தார். எல்.கே.ஜி. ஆசிரியை ஆஷா மிஸ் பீரோவை ஒட்டி நின்றாள். நாகஜோதி காலையிலேயே பூவாத்தாளிடம் கொடுத்தனுப்பியிருந்த சட்டை மேஜை மேல் கிடந்தது. சாரதாமணி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"ஏம்மிணி, பொட்டப் புள்ளைக்குப் போடற சட்டையா இது?"

"வரிசையா நில்லுங்கன்னு அர்த்தம்னு சொன்னாக மேடம். கேட்டுத்தான் போட்டேன்."

"யாரு சொன்னது?"

"கூட வேலை பாக்குறவரு மேடம்" என்றான் மாரிச்செல்வம்.

"கிட்டுசாமி சாரை உங்களுக்குத் தெரியுமா? அவருதான் வந்து சொன்னது. வெளிநாட்டு ஆர்டர் புடிச்சுக் குடுக்கற பையிங் ஆபீஸ்ல இருக்கறாரு. தெனமும் வெள்ளைக்காரங்ககூடப் பேசறவரு. அவரு சொல்றாரு, இது வாய்ல சொல்ற அர்த்தமே இல்லீன்னு. நானும், அப்ப வாய்ல சொல்ல வேண்டாமுங்கன்னுட்டேன்."

அர்த்தம் தெரியாமலே அவர் இவ்வளவு கோபப்படுகிறார் என்பது நாகஜோதிக்கு அப்போதுதான் புரிந்தது. ஆஷா மிஸ் பீரோவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிப் புள்ளைன்னு எடம் குடுத்தேன். பேரு கெடாமப் பாத்துக்கன்னு சொன்னனா இல்லியா?"

அந்த நேரத்தில் சுப்பண்ணன் வேட்டி மொடமொடக்க உள்ளே வந்தார். டாலர் இறங்கிக்கொண்டே போன வருஷம் அது. எங்கே நுழைந்தாலும் அதைச் சொல்லிக்கொண்டேதான் நுழைவார். "இன்னிக்கும் எறங்கிப்போச்சு சாரதா. இப்படியே போனா மறுக்கா காட்டுக்குத்தான் போவோணும். காட்டையும் வித்தாச்சு." உட்கார்ந்தார். "இதுங்களா அந்தச் சட்டை?"

சட்டையை வாங்கினார். அவர் கண் எழுத்துக்குப் போகவேயில்லை. கைதான் போயிற்று. துணியைக் கட்டை விரலால் தேய்த்தார். கழுத்தை இழுத்து விட்டார். அது திரும்பச் சுருங்கியதைப் பார்த்து முகம் மலர்ந்தது. "அருமையான துணியாச்சே. யாரு நூலு இது..." என்று சொல்லிக்கொண்டே உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். பாதி வெட்டியிருந்த லேபிளைப் பார்த்தார். மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது.

"எங்க கண்ணு எடுத்தே இதை?"

"கேட்லங்க சார். போன சம்பளத்தன்னைக்கு."

"எந்த கேட்டுல?" என்றார் சாரதாமணி.

"நம்ம கேட்லதான் மேடம். பிரின்ட்டிங் இவுக பட்டறைதான். செக்கிங் நான்தான் பாத்தேன். இங்கன ஒரு சொட்டு நீலம் கூடுதலா இருக்கும் பாருங்க, அதுக்காகக் கழிச்சது."

வாய்ல சொல்ல முடியாத அர்த்தம் தன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் கப்பலேறுகிறது என்பதை சாரதாமணி மெதுவாக விழுங்கினார்.

"ஏனுங்க, இதெல்லாம் நம்ம அடிக்கறதுங்களா?"

"அடிக்கறது நம்ம வேலை. படிக்கறதா நம்ம வேலை?" என்றார் சுப்பண்ணன். "அவங்க ஊரு புள்ளைக போடுது. அவங்க பண்பாடு அது. நீ காப்பி சொல்லு."

ஆஷா மிஸ் காப்பி சொல்லப் போனாள். சுப்பண்ணன் நாகஜோதி பக்கம் திரும்பினார். குரலில் இப்போது வெல்லம் கரைந்திருந்தது.

"கண்ணு, நீ மூணாவது லைன்தானே? நானு பாத்திருக்கறேன். இந்தக் கிட்டுசாமி சார் இருக்கறாரே, அவரு ஆபீஸ்ல இருந்துதான் நமக்கு ஆர்டரே வருது. அவரு பனியன் ஜட்டி பாக்கற செக்சன், இந்தச் சட்டை அவருக்குத் தெரியல. ரிஜெக்ட் பீசையெல்லாம் வெட்டிப் போட்டாச்சுன்னு அந்த ஆபீசுக்கு நான் சொல்லியிருக்கறேன். இப்ப வெளிய முன்வரிசைல உக்காந்திருக்கறாரு. புரியுதா?"

"புரியுதுங்க சார்."

"டீசி கீசியெல்லாம் ஒண்ணுமில்ல. புள்ளை நல்லாப் படிக்கட்டும். நீ எந்திரிச்சு நின்னு ஒரு வார்த்தை சொல்லீரு. ரோட்டுக்கடைல எடுத்தனுங்க, பாக்காம எடுத்துப்போட்டனுங்கன்னு. அவ்வளவுதான்."

"ரோட்டுக்கடைன்னு சொல்லிர்றேன் சார்." நாகஜோதி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "பாக்காம எடுத்தேன்னு சொல்லணுங்களா?"

"அதுதான் கண்ணு முக்கியம். பாத்து எடுத்தேன்னா, நீ சம்மதிச்சு எடுத்த மாதிரி ஆயிருமல்லோ?"

மாரிச்செல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "தம்பி, நாளைக்கி ஞாயித்துக்கிழமைன்னு இருந்துராதீங்க. பட்டறைல ஒரு அவசர வேலை இருக்குது" என்றார் சுப்பண்ணன் அவனிடம்.

செக்கிங் மேஜையில் எத்தனையோ குற்றம் மன்னிக்கப்படும். தாமதமாக வரலாம், பேசிக்கொண்டே நிற்கலாம், தூங்கி விழலாம். 'பாக்காம விட்டுட்டேன்' என்பதை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னவர்களை மறுநாள் நூல் வெட்ட அனுப்பிவிடுவார்கள். நாகஜோதி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை ஒரு நாளும் சொன்னதில்லை.

வெளியே தகரக் கூரைக்கடியில் பெற்றோர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள், தலையில் பஞ்சுத் தூசி. காப்பியும் முறுக்கும் வந்தது. சுப்பண்ணன் மைக்கைப் பிடித்தார். பேச்சை ஆஷா மிஸ் எழுதிக் கொடுத்திருந்தாள். 'ஆடை என்பது மனிதனின் அகத்தைக் காட்டும் கண்ணாடி' என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் பண்பாடு என்றார். தாளில் இல்லாத இடத்தில், "நம்ம புள்ளைக நெஞ்சுல எதுக்குங்க வெளிநாட்டுக்காரன் எழுதோணும்?" என்று கேட்டார். கைதட்டினார்கள். தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் காலையில்தான் அந்த எழுத்துகளை மூட்டை கட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

பிறகு பெற்றோர் கருத்து. சைசிங் மில் குருசாமி எழுந்து, பெண் பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் வேண்டாம் என்றார். ஒரு அம்மாள், கையில்லாத கவுனும் வேண்டாமுங்க என்றார். சாரதாமணி ஒருமுறை வாசல் ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வெயில் காலத்துக்குப் பரவால்லீங்க" என்றார். கவுன் அனுமதிக்கப்பட்டது.

கிட்டுசாமி எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. இதெல்லாம் பெற்றவர்களின் அக்கறையின்மையைக் காட்டுகிறது என்று பாதி ஆங்கிலத்தில் சொன்னார். வாங்கும்போதே படித்துப் பார்க்க வேண்டாமா, தெரியாவிட்டால் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டாமா என்றார்.

பின்னாலிருந்து யாரோ, "உங்க பையன் சட்டைலயும் நேத்து என்னமோ எழுதியிருந்துச்சுங்களே?" என்றார்.

"லேடி கில்லர்" என்றார் கிட்டுசாமி, தயங்காமல். "அது பசங்க சட்டைங்க. பசங்களுக்கு அது ஒரு ஸ்டைல்."

சபை அதை ஒப்புக்கொண்டது. முறுக்குத் தட்டு இன்னொரு சுற்று வந்தது.

"அந்தப் புள்ளையோட அம்மாவும் வந்திருக்கறாங்க. அவங்களே ஒரு வார்த்தை சொல்லுவாங்க" என்றார் சுப்பண்ணன்.

நாகஜோதி எழுந்தாள். எல்லாத் தலையும் திரும்பின. தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன. முதல் லைன், இரண்டாவது லைன், அயர்னிங். அந்தச் சட்டை எந்தக் கேட்டில் கிடைக்கும் என்று அவர்களுக்கெல்லாம் தெரியும். அவர்கள் வீட்டுக் கொடியிலும் ஒன்று காயலாம். எல்லோரும் ஆர்வமாகப் பார்த்தார்கள், அவள் எதைச் சொல்லப் போகிறாள் என்று.

"ரோட்டுக்கடையில வாங்குனதுங்க" என்றாள். நிறுத்தினாள். சுப்பண்ணன் தலையை ஆட்டி மேலே சொல்லச் சொன்னார். "பாக்காம எடுத்துட்டேங்க."

"சத்தமா, அம்மிணி. பின்னால கேக்கல" என்றார் சாரதாமணி.

"பாக்காம எடுத்துட்டேன்."

"அவ்வளவுதாங்க. தெரியாமச் செஞ்சது" என்றார் சுப்பண்ணன், பெருந்தன்மையாக.

"இனிமே பாத்து வாங்குங்கம்மா" என்றார் கிட்டுசாமி. அதற்கும் கைதட்டினார்கள்.

கடைசியில் முடிவு அறிவிக்கப்பட்டது. இனி வெள்ளிக்கிழமை எழுத்து உள்ள எந்தச் சட்டையும் கூடாது. எழுத்தில்லாத சட்டை இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று குருசாமி நியாயமாகவே கேட்டார். அதற்கும் வழி செய்திருந்தார்கள். பள்ளியே டீசர்ட் கொடுக்கும். ஆளுக்கு ரெண்டு, கட்டாயம். தயாரிப்பு எஸ்.எஸ்.டி.டி. எக்ஸ்போர்ட்ஸ்.

வீட்டுக்கு நடக்கும்போது காற்று எதிர்த்து அடித்தது. நொய்யல் பக்கமிருந்து சாய வாடை வந்தது. மாரிச்செல்வம் கண்ணை இடுக்கிக்கொண்டு நடந்தான்.

"எனக்கு வாயி வரைக்கும் வந்துச்சு, ஜோதி."

"எது?"

"நான் அடிச்சதுதான்யான்னு சொல்லிருவமான்னு."

"சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"பிள்ள இடம் போயிரும்ல."

"அப்புறம் எதுக்கு இப்ப சொல்றீக?"

பேக்கரி பக்கம் வந்ததும், "டீ குடிக்கியா?" என்றான். "வேண்டாம்" என்றாள். அவனும் குடிக்கவில்லை.

"பொய்தான, விடு. ரோட்டுக்கடைன்னு சொன்னதும் பொய்தான்."

"ரோட்டுக்கடைன்னப்ப ஒருத்தரும் நம்பல. எங்க லைன் பிள்ளைக வாயப் பொத்திச் சிரிச்சாளுக." அவள் நின்று செருப்புக்குள் போன கல்லை உதறினாள். "பாக்காம எடுத்தேன்னேம்ல, அத எல்லாரும் நம்பிட்டாக."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாரிச்செல்வம் பள்ளிக்கூட டீசர்ட் அடித்தான். ஏதோ ஆர்டரில் மீந்துபோன சாம்பல் நிறத் துணி. முன்பக்கம் பள்ளியின் பெயர், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் மூன்று வார்த்தை. பின்பக்கம் கம்பெனிப் பெயர், அதன் கீழே போன் நம்பர். எழுத்தில்லாத சட்டைக்காக அடித்ததில் எழுத்து அவ்வளவு இருந்தது. திங்கட்கிழமை அவை மூன்றாவது லைனுக்குச் செக்கிங் வந்தன. நாகஜோதி ஒவ்வொன்றையும் திருப்பி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அம்புக்குறி ஒட்டிய சில சட்டைகளைச் சூப்பர்வைசர் திரும்ப எடுத்து நல்லதோடு சேர்த்தான். "ஸ்கூலுக்குத்தானேக்கா. எவன் பாக்கப் போறான்?"

அன்று சாயங்காலம் அவள் சகாயராஜ் வீட்டுக்குத் தானே போனாள்.

"அண்ணே, இந்த மூணு வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"ஒழுக்கம், பணிவு, உயர்வு."

"தமாசு எதுவும் இருக்கா?"

சகாயராஜ் யோசித்தான். "நானறிய இல்ல" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பூவாத்தாளை வேண்டாமென்று சொல்லிவிட்டு, நாகஜோதியே பிள்ளையைக் கூட்டிப்போனாள். டீசர்ட் சிவரஞ்சனிக்கு முட்டிக்குக் கீழே வரை தொங்கியது. முதுகில் போன் நம்பர் பிருஷ்டத்தில் போய் முடிந்தது. பள்ளி வாசலில் அதே சாம்பல் நிறத்தில் ஒரு கும்பல். வாசல் ஃபிளெக்ஸ் காற்றில் கிழிந்து பாதிதான் இருந்தது. கிட்டுசாமி பைக்கை நிறுத்தி மகனை இறக்கிவிட்டு, தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. ஆஷா மிஸ் பிரேயர் மைதானத்துக்கு வந்தாள். கையை நீட்டி, தினமும் சொல்கிற குரலில், பெரிதாகச் சொன்னாள்.

"பாய்ஸ், லைன் அப் ஹியர்."

பையன்கள் ஓடினார்கள். கிட்டுசாமியின் மகன் முதலில் போய் நின்றான். கிட்டுசாமி அதைப் பெருமையாகப் பார்த்துவிட்டு பைக்கை உதைத்தார்.

ஆஷா மிஸ்ஸின் கண் அப்போதுதான் வாசலில் நின்ற நாகஜோதி மேல் பட்டது. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பிறகு பார்வையை இறக்கி, மெதுவாக, "பசங்களா, இங்க வரிசையா நில்லுங்க" என்றாள். சகாயராஜ் சொன்னதில் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

தூரத்தில் கம்பெனிச் சங்கு ஊதியது. நாகஜோதி குனிந்து, பிள்ளையின் கழுத்துப் பட்டையை நேராக்கி, உள்பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பழக்கம்.

"அம்மா, கேர்ள்ஸ இன்னும் கூப்பிடல. நான் எங்கம்மா நிக்க?"

"கூப்பிடுவாக. அது வரைக்கும் ஓரமா நில்லு" என்றாள் நாகஜோதி. பிறகு தன் லைனுக்கு நடந்தாள்.